பட்டாணித் தோட்டமும் பாட்டியின் கேள்வியும்

(பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் இல்லத்தில் இவ்வாண்டு ஒரு குழந்தை பிறந்தது. ஏற்கெனவே இரண்டு பெண்கள், மூன்றாவதும் பெண். மருத்துவமனையிலிருந்து தாயும் சேயும் வீடு திரும்பிய அன்று, "மூணும் பொட்டையாப் பெத்துப் போட்டுட்டாளே! இவ வயித்துல ஆம்பளப் பிள்ளையே தங்காதா?" என்று பாட்டி வாய்விட்டே கேட்டுவிட்டார்களாம். அம்மா ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்களாம். மறுநாள் பள்ளிக்கு வந்த எங்கள் தோழி, மதிய உணவை உண்ணாமல் அமர்ந்திருந்தாள். காரணம் கேட்டபோது அழுதுவிட்டாள்.

அன்று பிற்பகல் உயிரியல் வகுப்பில் அவளே எழுந்து நின்று, "டீச்சர், எங்க பாட்டி சொன்னது சரியா?" என்று கேட்டாள். டீச்சர் சற்று நேரம் அவளையே பார்த்தார்கள். பிறகு, "அந்தக் கேள்விக்கு விடை உண்டம்மா. ஆனால் அந்த விடைக்குப் போக வேண்டுமானால், ஒரு பட்டாணித் தோட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்" என்றார்கள்.

அந்தத் தோட்டத்தின் வழியே நாங்கள் நடந்துசென்று கண்டவற்றைத்தான் இக்கட்டுரையில் எழுதியிருக்கிறோம். தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடும் பாடம் அன்று இது. ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் வந்து நிற்கும் பாடம்.

தோட்டத்தில் ஒரு துறவி

1822-ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், ஏழை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் யோஹான் மெண்டல். அவ்வூர் இன்று செக் நாட்டில் இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை. 1838-இல் தந்தை மரம் வெட்டும் வேலையில் பெருங்காயம் அடைந்து, உழைக்க இயலாதவரானார். மகனின் படிப்பு நின்றுவிடும் நிலை. அப்போது கைகொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய தங்கை தெரேசியா! தன் திருமணத்திற்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்காக விட்டுக்கொடுத்தாள் அந்தப் பெண். அண்ணனும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் தங்கையின் பிள்ளைகள் படிப்பதற்கு உதவி, அந்த நன்றிக்கடனைத் தீர்த்தார்.

1843-இல் புருனோ நகரிலிருந்த அகுஸ்தினார் சபைத் துறவு மடத்தில் சேர்ந்த மெண்டல், 'கிரகோர்' என்ற பெயரைப் பெற்றார். 1847-இல் குருப்பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற ஆவலுடன் 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார், தோல்வியுற்றார்! மடத்தின் தலைவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அங்கே மெண்டல் இயற்பியலும் கணிதமும் தாவரவியலும் கற்றார். 1856-இல் மீண்டும் தேர்வுக்குச் சென்றும் வெற்றி கிட்டவில்லை. தேர்வில் தோற்றால் வாழ்வே முடிந்துவிட்டது என்று எண்ணும் தோழியர் இதைச் சற்று மனத்தில் கொள்ளுங்கள். அதே 1856-ஆம் ஆண்டில்தான், மடத்துத் தோட்டத்தில், உலகின் புகழ்பெற்ற சோதனைகளுள் ஒன்றை அவர் தொடங்கினார்.

எண்ணிப் பார்த்த மனிதர்

பிள்ளைகள் பெற்றோரைப் போல் இருக்கிறார்கள் என்பது அனைவரும் அறிந்ததே. "மூக்கு அப்படியே அப்பா மூக்கு", "சிரிப்பு அத்தையைப் போல" என்று நாம் தினமும் பேசுகிறோம். ஆனால் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. காப்பியும் பாலும் கலப்பதுபோல், தாயின் தன்மையும் தந்தையின் தன்மையும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன என்றே அறிஞர்களுள் பலரும் எண்ணியிருந்தனர்.

மெண்டல் ஊகித்துக்கொண்டிருக்கவில்லை, எண்ணிப் பார்த்தார். பட்டாணிச் செடியை அவர் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதன் மலரில் இதழ்கள் மூடியே இருப்பதால், வேற்று மலரின் மகரந்தம் எளிதில் உள்ளே புகாது. மலர் முதிருமுன்பே அதன் மகரந்தப் பைகளை நீக்கிவிட்டு, நாம் விரும்பும் செடியின் மகரந்தத்தைத் தூவினால், இன்ன தாய்க்கும் இன்ன தந்தைக்கும் பிறந்த விதை இது என்று உறுதியாகச் சொல்லலாம். விதை உருண்டையா சுருங்கியதா, மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்பன போன்ற ஏழு பண்புகளை அவர் எடுத்துக்கொண்டார். 1863 வரை எட்டு ஆண்டுகளில் அவர் ஆராய்ந்த செடிகள் ஏறத்தாழ 28,000. குருவானவரின் கடமைகளுக்கும் பள்ளி வேலைக்கும் இடையே இத்தனை செடிகளையும் வளர்த்து, காய் பறித்து, விதைகளை ஒவ்வொன்றாய் எண்ணினார் என்றால் அவருடைய பொறுமையை என்னென்பது!

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தார். பிறந்த விதைகள் யாவும் உருண்டை! சுருக்கம் எங்கே போயிற்று? அழிந்துவிட்டதா? அந்த விதைகளை முளைக்கவைத்து, அவற்றைத் தம்முள்ளேயே காய்க்கவிட்டார். 253 செடிகளிலிருந்து 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. போன சுருக்கம் திரும்பி வந்துவிட்டது! அதுவும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். மஞ்சள், பச்சை விதைகளை எண்ணியபோதும் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. அதே மூன்றுக்கு ஒன்று. ஏழு பண்புகளுக்கும் இதே கதைதான்.

மறைந்தது அழிந்ததன்று

இந்தக் கணக்கிலிருந்து மெண்டல் கண்ட உண்மை இதுதான்: ஒவ்வொரு பண்பையும் ஒரு சோடிக் காரணிகள் நிர்ணயிக்கின்றன. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. இந்தக் காரணிகளைத்தான் இன்று 'ஜீன்' அல்லது மரபணு என்கிறோம். இரண்டும் வெவ்வேறாய் இருந்தால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். மறைப்பது ஓங்கு பண்பு. மறைவது ஒடுங்கு பண்பு. ஆனால் மறைந்தது அழிவதில்லை. காப்பியும் பாலும்போல் அவை கலந்துவிடுவதும் இல்லை. முறத்தில் அரிசியும் உளுந்தும் கலந்து கிடந்தாலும், அரிசி அரிசியாகவும் உளுந்து உளுந்தாகவுமே இருக்கின்றன அல்லவா? அவ்வாறே அடுத்த தலைமுறையில் அவை மீண்டும் பிரிகின்றன.

மூன்றுக்கு ஒன்று ஏன் வருகிறது என்பதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய், மற்றொன்று தந்தை. தலை விழுந்தால் உருண்டை, பூ விழுந்தால் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருசேரச் சுண்டினால் நான்கு வகையாக விழலாம்: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. ஒரு தலை இருந்தாலே விதை உருண்டை. ஆகவே நான்கில் மூன்று உருண்டை. பூ-பூ சேரும் ஒன்று மட்டுமே சுருங்கிய விதை. நூறு முறை சுண்டி எழுதிப் பாருங்கள். மெண்டலின் விகிதம் உங்கள் நோட்டிலும் வரும்.

சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பதை 1990-இல்தான் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஜீன் அளவில் விளக்கினர். சர்க்கரையை மாவுப்பொருளாக்க உதவும் ஒரு நொதியின் ஜீன் அதில் பழுதுபட்டிருக்கிறது. அதனால் விதையில் சர்க்கரையும் நீரும் மிகுந்து தங்குகின்றன. உலரும்போது நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடுகிறது. மெண்டல் கண்ணால் கண்ட சுருக்கத்தின் காரணம் தெரிய நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

முப்பத்து நான்கு ஆண்டு உறக்கம்

1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாளும் மார்ச் 8-ஆம் நாளும், புருனோ இயற்கை அறிவியல் சங்கத்தில் மெண்டல் தம் ஆராய்ச்சியைப் படித்தார். மறு ஆண்டு அது அச்சாயிற்று. ஆனால் அதன் அருமையை எவரும் உணரவில்லை. 1868-இல் அவர் மடத்தின் தலைவரானார். நிர்வாகப் பொறுப்புகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. 1884 ஜனவரி 6-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1900-இல் மூன்று நாட்டு அறிஞர்களான தெ விரீஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகியோர் தத்தம் ஆய்வில் அதே விதிகளைக் கண்டு, பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான், முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி இதை எழுதிவைத்துவிட்டார் என்பது உலகுக்குத் தெரிந்தது.

பாட்டியின் கேள்விக்கு விடை

சரி, பெண் குழந்தைக்கும் பட்டாணிக்கும் என்ன தொடர்பு?

ஜீன்கள் நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் நூல்போன்ற குரோமோசோம்களில் அமைந்திருக்கின்றன. மனிதருக்கு அவை 46, அதாவது 23 சோடி என்று 1956-இல் உறுதிசெய்யப்பட்டது. இவற்றுள் ஒரு சோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. இதைக் கண்டறிந்ததில் பெரும்பங்கு ஒரு பெண்மணிக்கு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் அவர்கள், ஆசிரியையாகவும் நூலகராகவும் உழைத்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். மாவிலும் தானியத்திலும் வளரும் ஒருவகை வண்டை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டின் செல்லில் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. அந்தச் சிறியதே ஆணை ஆணாக்குகிறது என்று 1905-இல் அவர் எழுதினார். அதே ஆண்டில் வில்சன் என்ற அறிஞரும் வேறு பூச்சிகளில் இத்தகைய முடிவுக்கு வந்தார்.

மனிதரிலும் அவ்வாறே. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். ஆகவே தாயின் கருமுட்டை எதுவாயினும் அதில் இருப்பது எக்ஸ் ஒன்றுதான். கொடுப்பதற்கு அவளிடம் வேறொன்றுமில்லை. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸ் உடையவை, பாதி ஒய் உடையவை. எக்ஸ் உடையது கருமுட்டையைச் சேர்ந்தால் பெண். ஒய் உடையது சேர்ந்தால் ஆண். தாய் என்ன உண்டாள், எந்தப் பக்கம் படுத்தாள், எந்த மாதத்தில் கருவுற்றாள் என்பவற்றுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எங்கள் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாகச் செய்து பார்த்தோம். இரண்டு டப்பாக்கள். 'அம்மா' என்று எழுதிய டப்பாவில் புளியங்கொட்டை மட்டுமே போட்டோம். 'அப்பா' என்று எழுதிய டப்பாவில் பாதி புளியங்கொட்டை, பாதி மஞ்சாடி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விதை எடுக்க வேண்டும். இரண்டும் புளியங்கொட்டையானால் பெண். மஞ்சாடி வந்தால் ஆண். எடுத்த விதையைத் திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். வகுப்பு முழுவதும் எடுத்து முடித்தபோது இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக வந்தன. ஆனால் சிலருக்குத் தொடர்ந்து மூன்று முறை 'பெண்' வந்தது. சிலருக்குத் தொடர்ந்து மூன்று முறை 'ஆண்' வந்தது. மூன்று பிள்ளைகளுள்ள எட்டுக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒரு குடும்பத்தில் மூவரும் பெண்களாகவே இருப்பர். அதற்காக நான்காவது ஆணாகத்தான் பிறக்கும் என்பதும் இல்லை. டப்பாவிற்குப் பழைய கணக்குத் தெரியாது.

அப்படியானால் குற்றம் தந்தையினுடையதா? அதுவும் இல்லை. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. முதலாவது, பெண்ணாய்ப் பிறப்பதே ஒரு குற்றமன்று. பின் எவர்மேல் குற்றம் சுமத்துவது?

இது வெறும் வகுப்பறை வாதம் என்று எண்ணிவிடாதீர்கள். பெண் சிசுக்கள் பிறந்தவுடன் கொல்லப்பட்ட கொடுமையால்தான், 1992-இல் நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிலேயே பெண் என்று கண்டு அழிக்கும் வழக்கத்தைத் தடுக்க, 1994-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இந்த ஒரு சிறு பாடம் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தால், எத்தனை தாய்மார் கண்ணீர் சிந்தாமல் இருந்திருப்பர்!

உறவுக்குள் திருமணம்

மெண்டலின் பட்டாணி நம் குடும்பங்களுக்குச் சொல்லும் பாடம் இன்னொன்றும் உண்டு. தாய்மாமனை மணப்பதும், அத்தை மகனை, மாமன் மகனை மணப்பதும் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். சொத்து வெளியே போகாது, அறிந்த வீடு, பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் கூறும் காரணங்களை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் மறைந்தது அழிவதில்லை என்ற விதியை இங்கே நினைவுகூர வேண்டும்.

நம் ஒவ்வொருவரிடமும், வெளியே தெரியாமல் பழுதுபட்ட ஒடுங்கு ஜீன்கள் சில இருக்கின்றன. சோடியில் மற்றொன்று நல்லதாய் இருப்பதால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒரே பழுது தாயிடமும் தந்தையிடமும் இருந்தால்தான், 'பூ-பூ' விழுந்ததுபோல், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்நோய் வெளிப்படும். அந்நியர் இருவரிடம் ஒரே பழுது இருப்பது அரிது. ஆனால் தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் ஜீன்களில் நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பிறவிச் செவிடு, தலசீமியா என்னும் இரத்தக் குறை ஆகியவற்றுள் பல இவ்வழியே வருபவை.

உறவில் மணந்த எல்லோருக்கும் குறையுள்ள பிள்ளைகள் பிறக்கும் என்று இதற்குப் பொருளன்று. பெரும்பாலோர்க்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றனர். ஆபத்து கூடுகிறது என்பதே உண்மை. நெருங்கிய இரத்த உறவில் திருமணத்தைத் திருச்சபைச் சட்டமும் தடை செய்துள்ளது என்பதைப் பெற்றோர் அறிவர். குறையுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், 'யார் செய்த பாவமோ' என்று தாயையோ தந்தையையோ பழிப்பது அறியாமை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் அவ்வாறு கேட்டபோது ஆண்டவர் என்ன மறுமொழி அளித்தார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றிருக்கிறோமே!

டார்வினும் மெண்டலும்

மெண்டல் தோட்டத்தில் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலை 1859-இல் வெளியிட்டார். ஓர் இனத்தில் எல்லா உயிர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. எந்த வேறுபாடு அந்த இடத்தில் பிழைக்க உதவுகிறதோ, அதை உடையவை மிகுதியாகப் பிழைத்து மிகுதியாகச் சந்ததி ஈனுகின்றன. தலைமுறை தலைமுறையாக அப்பண்பு பரவுகிறது. இதுவே இயற்கைத் தேர்வு. இவ்வாறே நீண்ட நெடுங்காலத்தில் ஓர் இனத்திலிருந்து பல இனங்கள் கிளைக்கின்றன. இதைத்தான் பரிணாமம் என்கிறோம்.

டார்வினுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பண்புகள் காப்பியும் பாலும்போல் கலந்துவிடுமானால், புதிதாய்த் தோன்றிய நல்ல வேறுபாடு சில தலைமுறைகளிலேயே நீர்த்துப் போய்விடுமே! அதற்கு விடை மெண்டலிடம் இருந்தது. டார்வினின் நூலை மெண்டல் ஜெர்மன் மொழியில் படித்து, ஓரங்களில் குறிப்பும் எழுதியிருக்கிறார். ஆனால் மெண்டலின் விதிகள் டார்வினுக்குத் தெரியாமலே போயின. பூட்டு ஒருவரிடமும் சாவி ஒருவரிடமும் இருந்தன. இரண்டும் சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இரண்டும் சேரும் இடத்தை நம் நாட்டிலேயே காணலாம். அரிவாள் செல் சோகை என்று ஒரு நோய் உண்டு. இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கான ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் விளைவது இது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலி தருகின்றன. 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இது இருப்பது கண்டறியப்பட்டது. இத்தகைய கொடிய ஜீன் ஏன் அழிந்துபோகவில்லை? காரணம் வியப்பானது. இரு பிரதியும் மாறியிருந்தால்தான் அந்நோய். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால், அவர்கள் பெரும்பாலும் நலமாய் இருப்பதோடு, கடும் மலேரியாவினின்றும் பெரிதும் தப்புகிறார்கள்! மலேரியா மிகுந்திருந்த இடங்களில் அந்த ஜீன் காவலாய் நின்றது. ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த அலிசன் என்பவர் 1954-இல் இதை எடுத்துக்காட்டினார். நல்ல ஜீன், கெட்ட ஜீன் என்று எளிதில் பிரித்துவிட முடியாது. இடமும் காலமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

வேற்றுமையே செல்வம்

இவ்வுலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள உயிரினங்கள் ஏறத்தாழ 20 லட்சம். பெயரிடப்படாதவை இன்னும் பல. பாசியும் பனையும், எறும்பும் யானையும் வெவ்வேறாய்த் தோன்றினும், அனைத்தின் ஜீன்களும் அதே நான்கு எழுத்துக்களைக் கொண்ட டி.என்.ஏ. மொழியில்தான் எழுதப்பட்டுள்ளன. நம் கையையும் வௌவாலின் சிறகையும் திமிங்கிலத்தின் துடுப்பையும் அறுத்துப் பார்த்தால், ஒரே வரிசையில் எலும்புகள்! எல்லாம் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த வேற்றுமையைக் காப்பது நம் சோற்றைக் காப்பதாகும். 1970-களில், புகையான் என்னும் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நோய், தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் ஆக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தும் தாங்கும் வகை கிட்டவில்லை. இறுதியில், நம் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில் அந்த எதிர்ப்பு ஜீன் கிடைத்தது! 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36 நெல்லில் அது சேர்க்கப்பட்டது. களை என்று எவரும் பிடுங்கி எறிந்திருக்கக்கூடிய புல் அது.

இத்துறையில் நம் பக்கத்துப் பெண்மணி ஒருவரையும் நாம் மறக்கலாகாது. 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் ஜானகி அம்மாள். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களை எல்லாம் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில் அவர் நடந்த பாதை இது.

விசுவாசமும் விஞ்ஞானமும்

"அப்படியானால் மனிதன் குரங்கிலிருந்து வந்தானா? வேதாகமம் வேறு கூறுகிறதே!" என்று சிலர் கலங்குவதுண்டு. இன்று மரத்தில் தாவும் குரங்கு மனிதனாயிற்று என்று டார்வின் கூறவில்லை. குரங்கினங்களுக்கும் மனிதனுக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொதுவான மூதாதை உண்டு என்பதே கருத்து. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், மனித உடலின் தோற்றம் குறித்து இவ்வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை என்றும், ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்றும் போதித்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பாப்பிறை அறிவியல் கழகத்திற்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று ஏற்றுக்கொண்டார். விதைகளை எண்ணிய மெண்டலின் கைகள்தாம் பீடத்தில் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தன. உண்மையைத் தேடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி.

பாட்டி என்ன சொன்னார்கள்?

எங்கள் தோழி அந்த இரண்டு டப்பாக்களையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். பாட்டியை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி எடுக்க வைத்தாள். பாட்டிக்குத் தொடர்ந்து நான்கு முறை புளியங்கொட்டையே வந்ததாம். "அம்மா டப்பாவுல மஞ்சாடியே இல்லையே! அப்புறம் அவ எங்கேருந்து குடுப்பா?" என்று பாட்டியே கேட்டார்களாம். சிறிது நேரம் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் நாலு பொண்ணுக்கு அப்புறந்தான் உங்க அப்பன் பொறந்தான். எங்க மாமியார் என்னைச் சொல்லாத சொல்லு இல்ல. அப்ப இந்த டப்பாவை யாராவது காட்டியிருந்தா ஆகாதா?" என்றார்களாம். பிறகு எழுந்துபோய், அம்மாவின் அருகில் கிடந்த குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்களாம்.

தோழியரே! எல்லாப் பாட்டிமாரும் இவ்வளவு விரைவில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் கேட்டவுடன் கோபிக்காமல், அவர்களும் நம்மைப் போல் ஒரு காலத்தில் பழி சுமந்தவர்கள்தாம் என்பதை எண்ணி, பொறுமையாய் எடுத்துச் சொல்லுவோம். இரண்டு டப்பாவும் ஒரு பிடி விதையும் எந்த வீட்டிலும் உண்டு. பெற்றோரே, இந்த மலரை மூடிவைக்கும் முன், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை ஒருமுறை வாசித்துக் காட்டுமாறு உங்களை அன்புடன் வேண்டுகிறோம்.